கிறுக்குக் கார்ட்டூன் பார்க்க ஆரம்பிக்கிறவர்களுக்கு: ரிக் அண்ட் மார்ட்டியா, போஜாக்கா, ஸ்மைலிங் ஃப்ரெண்ட்ஸா?

பெரியவர்களுக்கான கிறுக்கு அனிமேஷன் காமெடி பார்க்கணும், எதில் ஆரம்பிக்கலாம் என்று கேட்டால் இணையத்தில் கிடைப்பது பெரும்பாலும் ஒரு நீளமான பட்டியல். முப்பது பெயர் இருக்கும், முப்பதுமே கட்டாயம் பார்க்க வேண்டியவை என்று போட்டிருப்பார்கள். அதை நம்பித் தப்பான ஒன்றில் கை வைத்தால் பத்து நிமிஷத்தில் "என்னய்யா இது, தலையும் இல்லை வாலும் இல்லை" என்று மூடி வைத்துவிட்டு, இந்த வகையே நமக்கு ஒத்துவராது என்று முடிவு கட்டிவிடுவீர்கள். அப்படிப் போனவர்கள் நிறையப் பேரை எனக்குத் தெரியும்.

அதனால் நாலைந்தை மட்டும் எடுத்துக்கொண்டு, எது யாருக்கு, எந்த நேரத்துக்கு என்று பேசலாம். நான் இருப்பது பெங்களூர் பிடிஎம் லேஅவுட்டில், மூன்று பேர் சேர்ந்து வாடகைக்கு எடுத்த வீடு. ஒருவன் கேஜிஎஃப் (கோலார் தங்கவயல்) தமிழன், இன்னொருவன் தர்மபுரிக்காரன். வெள்ளிக்கிழமை மடிவாளாவில் பஸ் ஏறி ஊருக்குப் போகாத வாரங்களில் ராத்திரிச் சாப்பாட்டோடு டிவியில் ஏதாவது ஒன்று ஓடும். மூன்று பேருக்கும் சிரிப்பு வரும் இடம் வேறு வேறு. கேஜிஎஃப்காரனுக்கு ரத்தம் தெறிக்க வேண்டும், தர்மபுரிக்காரனுக்கு யாராவது வசமாக மாட்டிக்கொண்டு முழிக்க வேண்டும், எனக்கு ஒருத்தர் முகத்தை சீரியஸாக வைத்துக்கொண்டு அபத்தம் பேசினால் போதும். மூன்றும் ஒரே தொடரில் அமைவது அபூர்வம். எதைப் போடுவது என்ற சண்டையில்தான் சாப்பாடு ஆறும்.

முதலில் இந்த மாதிரிக் காமெடியில் அப்படி என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தேர்வே அதைப் பொறுத்தது. இந்தக் கிறுக்குக் காமெடியைத்தான் சர்ரியல் என்பார்கள், அப்படியென்றால் எது வேண்டுமானாலும் நடக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். எது வேண்டுமானாலும் நடந்தால் தூக்கம்தான் வரும். நல்ல சர்ரியல் காமெடியில் ஏதோ ஒரு விதி மட்டும் கோணலாக இருக்கும், மீதி எல்லாம் அந்தக் கோணலுக்குக் கட்டுப்பட்டு ரொம்ப ஒழுங்காக நடக்கும். 1989-ல் வந்த கரகாட்டக்காரன் வாழைப்பழத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வாங்கியது இரண்டு பழம், ஒன்று இங்கே இருக்கிறது, இன்னொன்று எங்கே என்றால் அதுதான் இது. செந்தில் அந்தப் பதிலை விட்டு ஒரு அங்குலம் நகர மாட்டார், எந்தப் பக்கம் போய் மடக்கினாலும் அது அசையாது, அதனால்தான் கவுண்டமணிக்கு வெறி ஏறுகிறது, நமக்குச் சிரிப்பு வருகிறது. இப்போது அந்தக் காட்சியிலிருந்து கவுண்டமணியை எடுத்துவிட்டுப் பாருங்கள். செந்தில் தனியாக நின்று அதையே சொல்லிக்கொண்டிருந்தால் அது வெறும் உளறல். கிறுக்குக்கு எதிரே கோபப்படவோ, சலித்துக்கொள்ளவோ, தலையில் அடித்துக்கொள்ளவோ ஒரு ஆள் வேண்டும்.

என் அளவுகோல் அவ்வளவுதான்: எதிரே நிற்கிற அந்த ஆள் ஒரு தொடரில் எவ்வளவு வலுவாக இருக்கிறார்? புதிதாக வருகிறவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே போக முடியும். நாள்பட்ட ரசிகர்களுக்கு அவர் தேவைப்பட மாட்டார், அவர்கள் நேராகப் பைத்தியத்தோடு பழகிவிடுவார்கள், அதனால்தான் அவர்கள் சிபாரிசு செய்வது நமக்குப் புரிவதில்லை.

இதற்கு ஏன் அனிமேஷன் என்றால், பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை, காசுதான் முதல் காரணம். நிஜ நடிகர்களை வைத்து எடுத்தால் பேசும் குதிரைக்குத் தனி பட்ஜெட் ஒதுக்க வேண்டும். வரைந்தால் குதிரைக்கும் மேஜைக்கும் ஒரே கூலி. (அனிமேட்டர்கள் சண்டைக்கு வருவார்கள், நாலு கால் நடையை வரைவது எவ்வளவு கஷ்டம் தெரியுமா என்று. சரி, ஏறக்குறைய ஒரே கூலி.) 1994-ல் அமெரிக்காவில் கார்ட்டூன் நெட்வொர்க் "ஸ்பேஸ் கோஸ்ட் கோஸ்ட் டு கோஸ்ட்" என்று ஒன்றை ஆரம்பித்தது. 1966-ல் ஹன்னா-பார்பெரா எடுத்த ஒரு சூப்பர்ஹீரோ கார்ட்டூனின் பழைய படங்களையே வெட்டி ஒட்டி, அந்த ஹீரோவை டாக் ஷோ நடத்துகிறவராக ஆக்கிவிட்டார்கள். நிஜப் பிரபலங்கள் டிவி திரையில் வந்து பேட்டி கொடுப்பார்கள்; அவர்களிடம் கேட்ட கேள்வி ஒன்று, நிகழ்ச்சியில் நமக்குக் கேட்கும் கேள்வி வேறொன்று. புதிதாக வரையக் காசு செலவழிக்காததால் பாத்திரங்கள் பாதி நேரம் அசையாமல் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அந்தத் தர்மசங்கடமான இழுவையே காமெடி ஆகிவிட்டது. 2001 செப்டம்பர் 2 அன்று அதே சேனலில் ராத்திரி நேரத்துக்கு "அடல்ட் ஸ்விம்" தொடங்கியபோது இந்தச் சிக்கனமே ஒரு பாணியாக நிலைத்தது. கால் மணி நேர இடத்தில் விளம்பரம் போக 11 நிமிஷத்துக்கு ஒரு எபிசோடு. இங்கே நான் பேசப் போகிறதில் பாதி அங்கிருந்து வந்தவை.

பெயர் பரவலாகத் தெரிந்தது ரிக் அண்ட் மார்ட்டி, அதனால் அதிலிருந்து போகலாம். ஜஸ்டின் ராய்லண்ட், டான் ஹார்மன் இருவரும் உருவாக்கி 2013 டிசம்பர் 2 அன்று வெளிவந்தது. குடிகார விஞ்ஞானித் தாத்தா, பயந்தாங்கொள்ளிப் பேரன், பிரபஞ்சம் பிரபஞ்சமாக அலைச்சல். ஒரு எபிசோடு 22 நிமிஷம். முதல் சீசனின் ஐந்தாவது எபிசோடை மட்டும் சொல்கிறேன், இந்த வகை எப்படி வேலை செய்கிறது என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. தாத்தா ஒரு பெட்டி கொடுக்கிறார். பொத்தானை அழுத்தினால் மீசீக்ஸ் என்ற நீல நிறப் பிராணி ஒன்று தோன்றும், நீங்கள் சொல்லும் ஒரு வேலையை முடித்துக் கொடுக்கும், முடிந்ததும் மறைந்துவிடும். விதி அவ்வளவுதான். மகளும் பேத்தியும் சொன்ன வேலைகளை அவை முடித்துவிட்டுப் போய்விடுகின்றன. மருமகன் ஜெர்ரி மட்டும் தன் கோல்ஃப் ஆட்டத்தைக் கொஞ்சம் முன்னேற்றிக் கொடு என்று கேட்கிறார். அவருக்கு அது வரவே வராது. வேலை முடியாததால் அந்தப் பிராணியால் மறைய முடியவில்லை, இருப்பதே அதற்கு வலி, உதவிக்கு இன்னொன்றை வரவழைக்கிறது, அது இன்னொன்றை, கடைசியில் ஒரு கூட்டமே பைத்தியம் பிடித்து நிற்கிறது. ஐடி வேலையில், கிளையன்ட் தரப்பில் ஒருத்தர் ஒப்புக்கொள்ளாததால் மூட முடியாத டிக்கெட்டோடு (முடிக்க வேண்டிய வேலைச் சீட்டு) மூன்று ஸ்பிரிண்ட் (சில வார வேலைச் சுற்று) ஓட்டியவர்களுக்கு அந்த நீல முகம் எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கும். தர்மபுரிக்காரன் அன்று சிரிக்கவே இல்லை, "இது என் டீம்டா" என்றான்.

ஆனாலும் ஆரம்பிக்கிறவருக்கு இதைக் கொடுக்க எனக்குத் தயக்கம் உண்டு. முதல் இரண்டு சீசனில் பேரன் மார்ட்டிதான் எதிரே நிற்கிற ஆள். அவன் அலறுவதால்தான் நமக்கு அந்த உலகத்தின் விபரீதம் உறைக்கிறது. போகப் போக அவனும் பழகிவிடுகிறான், கெட்டிப்பட்டுவிடுகிறான், அலற ஆள் இல்லாமல் போகிறது. அதோடு ரிக் பேசும் வேகம். ஏப்பம், திக்கல், பாதி நிஜ அறிவியல், பாதி கப்ஸா, எல்லாம் ஒரே மூச்சில். நாங்கள் ஆங்கில சப்டைட்டில் போட்டுத்தான் பார்க்கிறோம், அதைப் படித்து முடிப்பதற்குள் படத்தில் இரண்டு கிரகம் வெடித்திருக்கும். கேஜிஎஃப்காரனுக்கு அது பிரச்சினையே இல்லை, வெடித்தால் போதும். குரல் விஷயம் ஒன்றும் இருக்கிறது: ராய்லண்டுடன் 2023 ஜனவரியில் அடல்ட் ஸ்விம் உறவை முறித்துக்கொண்டது, ஏழாவது சீசனிலிருந்து இரண்டு முக்கியப் பாத்திரங்களுக்கும் வேறு இருவர் குரல். வித்தியாசம் பெரிதாகத் தெரியாது என்பது என் அபிப்பிராயம், வீட்டில் இதற்கும் ஒத்த கருத்து கிடையாது. அறிவியல் புனைகதை பிடிக்கும் என்றால் தைரியமாக எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் முதல் எபிசோடில் ஆரம்பிக்காமல் நேராக ஐந்தாவதுக்குப் போங்கள். வரிசை குலைந்தால் ஒன்றும் கெட்டுப்போகாது.

போஜாக் ஹார்ஸ்மேன் இதற்கு நேர் எதிர். வரிசையாகத்தான் பார்க்க வேண்டும், நடுவில் நுழைய முடியாது. ரஃபேல் பாப்-வாக்ஸ்பெர்க் உருவாக்கியது, பாத்திரங்களின் தோற்றம் லிசா ஹனவால்ட். நெட்ஃபிளிக்ஸில் 2014 ஆகஸ்டில் தொடங்கி 2020 ஜனவரி 31 அன்று முடிந்தது, 6 சீசன். 1990-களில் டிவி தொடர் ஒன்றில் புகழ் பெற்று இப்போது வீட்டில் குடித்துக்கொண்டு கிடக்கும் ஒரு நடிகர், அவர் குதிரை. மனிதர்களும் மிருகங்களும் கலந்து வாழும் உலகம், யாருக்கும் அது விசேஷமாகத் தெரியாது. இங்கே நான் சொன்ன விதி எவ்வளவு நேர்மையாகக் காப்பாற்றப்படுகிறது என்பதற்கு ஒன்று: முதல் சீசனில் போஜாக் போதையில் ஹாலிவுட் என்ற அந்தப் பெரிய மலைப் பலகையிலிருந்து கடைசி எழுத்தைத் திருடிவிடுகிறார். அவ்வளவுதான், அதற்குப் பிறகு சீசன் சீசனாக எல்லாரும் அந்த ஊரை "ஹாலிவூ" என்றே சொல்கிறார்கள், கடைப் பலகைகூட மாறிவிடுகிறது, ஒருவரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

இதில் எதிரே நிற்கிற ஆள் யார் என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். பூனையான பிரின்சஸ் கரோலின் ஒருவரைக் காதலிக்கிறாள், பெயர் வின்சென்ட் அடல்ட்மேன். நீளமான கோட்டு, அதற்குள்ளே மூன்று சின்னப் பையன்கள் ஒருவன் தோள்மேல் ஒருவன் நிற்கிறார்கள். இன்றைக்குப் பங்குச் சந்தைக்குப் போய் வியாபாரம் பண்ணினேன் என்று அது சொன்னால் எல்லாரும் நம்புகிறார்கள். அது மூன்று பையன்கள் என்று ஒருத்தருக்குத்தான் தெரிகிறது, போஜாக்குக்கு. அவர் சொன்னால் யாரும் கேட்பதில்லை, பொறாமை என்கிறார்கள். பேசும் குதிரைதான் அங்கே கவுண்டமணி!

பிரச்சினை என்னவென்றால் இந்தத் தொடர் சிரிக்க வைப்பதற்காக உள்ளே அழைத்து வேறொன்றைக் கையில் கொடுத்துவிடும். குடி, போதை மருந்து, ஞாபகம் தப்பிப்போன அம்மா, தன்னால் நாசமான மனிதர்கள், இதெல்லாம் மெல்ல முன்னால் வருகிறது, கிறுக்குத்தனம் பின்னணிக்கு நகர்கிறது. மூன்றாவது சீசன் நாலாவது எபிசோடு கடலுக்கடியில் நடக்கிறது, கிட்டத்தட்ட வசனமே கிடையாது, அனிமேஷனில் நான் பார்த்ததிலேயே ரொம்ப அழகான 25 நிமிஷங்களில் ஒன்று அது. ஐந்தாவது சீசனில் ஒரு எபிசோடு முழுக்கப் போஜாக் ஒரு சாவு வீட்டில் நின்று பேசுகிற ஒரே பேச்சு, வேறெதுவும் இல்லை. இதையெல்லாம் வெள்ளிக்கிழமை ராத்திரி பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டு நண்பர்களோடு பார்க்கக் கூடாது. நாங்கள் அப்படித்தான் ஆரம்பித்தோம். நாலாவது வாரம் வீட்டில் ஒருத்தன் எழுந்து போய் பால்கனியில் நின்றுகொண்டு அப்பாவுக்குப் போன் பண்ணினான், அதோடு சரி, அப்புறம் அவரவர் தனியாகப் பார்த்துக்கொண்டோம். தொடர் நல்லதா என்றால் இந்தப் பேச்சில் வரும் எல்லாவற்றிலும் பெரிய படைப்பு இதுதான், சந்தேகமே இல்லை. ஆரம்பிக்க நல்லதா என்றால் இல்லை. முதல் சீசனின் முதல் பாதி சாதாரண சினிமாக்காரர் கேலி மாதிரிதான் போகும், அதைப் பொறுத்துக்கொள்கிற பொறுமை இருக்க வேண்டும். மனசு சரியில்லாத நாட்களில் தொடவே வேண்டாம், தற்கொலை எண்ணமும் போதை அடிமைத்தனமும் இதில் வேடிக்கைக்காக வருவதில்லை.

இப்போது ஸ்மைலிங் ஃப்ரெண்ட்ஸ். என் ஓட்டு இதற்குத்தான், அதை மறைப்பதில் அர்த்தமில்லை. ஸாக் ஹேடல் அமெரிக்கர், மைக்கேல் க்யூசாக் ஆஸ்திரேலியர். இருவரும் இணையத்தில் சின்னச் சின்ன கார்ட்டூன் போட்டு வளர்ந்தவர்கள். முன்னோட்ட எபிசோடு 2020 ஏப்ரல் 1 அன்று வந்தது, முழு சீசன் 2022 ஜனவரியில். 11 நிமிஷம்தான். சோகமாக இருப்பவர்களைச் சிரிக்க வைப்பதற்காக நடத்தப்படும் ஒரு சின்ன கம்பெனி, அதில் வேலை பார்க்கும் இரண்டு பேர்: ரோஸ் நிற பிம், மஞ்சள் நிற சார்லி. பிம் எல்லாவற்றையும் நம்புகிறவன், உற்சாகத்தில் துள்ளுகிறவன். சார்லி சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவன். இந்த சார்லிதான் நான் சொல்கிற ஆள். கண்ணெதிரே ஒரு பூதம் உருகி ஓடினாலும் அவன் முகத்தில் தெரிவது, மணி ஆறாகிவிட்டதே, இன்னும் கிளம்பவில்லையே என்ற சலிப்புதான். அலற வேண்டிய அவசியமே அவனுக்கு இல்லை, அந்தச் சலிப்பு போதும், நாம் அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறோம்.

பேச்சு விஷயத்தில் இது வேறு எதையும் மாதிரி இல்லை. கார்ட்டூன் பாத்திரங்கள் வழக்கமாகத் தெளிவாக, ஒருவர் முடித்த பிறகு அடுத்தவர் என்று பேசுவார்கள். இங்கே எல்லாரும் இடைமறிக்கிறார்கள், இழுக்கிறார்கள், "இல்ல, அது வந்து, நான் என்ன சொல்றேன்னா" என்கிற தினுசில் பாதி வாக்கியத்தில் விட்டுவிடுகிறார்கள். உருவம் எவ்வளவு விபரீதமோ பேச்சு அவ்வளவு சாதாரணம். உருவங்களும் ஒரே பாணியில் வருவதில்லை, ஒன்று கையால் வரைந்தது, இன்னொன்று களிமண், இன்னொன்று மட்டமான 3டி, திடீரென்று ஒரு நிஜ மனித முகம். யாருக்கும் அது உறுத்துவதில்லை. முன்னோட்ட எபிசோடில் வரும் வாடிக்கையாளர் துப்பாக்கியைத் தன் தலையில் வைத்துக்கொண்டேதான் கதை முழுக்கச் சுற்றுகிறார், பிம் அவரை அங்கே இங்கே கூட்டிப்போய் வாழ்க்கை இனியது என்று நிரூபிக்கப் பார்க்கிறான், ஒவ்வொரு இடத்திலும் பிம்மின் நம்பிக்கைதான் ஆட்டம் காண்கிறது. இருட்டான விஷயம்தான், ஆனால் முடிவு எங்கே போய் நிற்கும் என்று யாராலும் ஊகிக்க முடியாது, நிற்கும் இடமோ அந்தக் கதையின் கணக்குப்படி ரொம்பச் சரி. துப்பாக்கி சமாச்சாரம் வேண்டாம் என்பவர்கள் முதல் சீசன் மூன்றாவதில் ஆரம்பிக்கலாம். காதலில் தோற்றுப்போன ஒரு இறால் அழுதுகொண்டிருக்கும்.

குறை இல்லாமல் இல்லை. அமெரிக்க இணையத்தின் பழைய சமாச்சாரங்கள் தெரிந்தால்தான் பிடிபடும் என்று சில இடம் உண்டு, கெட்ட வார்த்தை உண்டு, ரத்தமும் உண்டு (கேஜிஎஃப்காரன் திருப்தி). ஆனால் 11 நிமிஷம் என்பது எவ்வளவு பெரிய சௌகரியம் என்பது பெங்களூரில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சில்க் போர்டு டிராஃபிக்கில் கேப் நின்றுவிட்டால் மூன்று எபிசோடு ஓடிவிடும். பிடிக்கவில்லை என்றாலும் நஷ்டம் 11 நிமிஷம்தான், ஒரு சீசன் போனால்தான் நன்றாக இருக்கும் என்று யாரும் உங்களை மிரட்ட மாட்டார்கள்.

என் அளவுகோலை நேர்மையாகப் பிடித்தால் அக்வா டீன் ஹங்கர் ஃபோர்ஸ் இன்னும் மேலே வர வேண்டும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஒரு மில்க்‌ஷேக், ஒரு பொட்டலம் உருளைக்கிழங்கு வறுவல், ஒரு இறைச்சி உருண்டை, மூன்றும் நியூ ஜெர்சியில் ஒரு வீட்டில் குடியிருக்கின்றன. பக்கத்து வீட்டில் கார்ல் என்ற வழுக்கைத் தலைக்காரர். இவர்கள் செய்யும் அநியாயம் எல்லாம் அவர் தலையில் விடியும், செத்தும் போவார், அடுத்த எபிசோடில் ஒன்றும் நடக்காத மாதிரி வந்து நிற்பார். எதிரே நிற்கிற ஆளில் கார்ல் ஒரு சிகரம். மேட் மையெல்லாரோ, டேவ் வில்லிஸ் உருவாக்கி 2000 டிசம்பர் கடைசியில் சத்தமில்லாமல் ஒளிபரப்பானது. முதலில் இவர்களைத் துப்பறிகிறவர்களாக வைத்திருந்தார்கள், கொஞ்ச நாளில் அதையும் விட்டுவிட்டார்கள், துப்பறியாமல் சும்மா உட்கார்ந்து சண்டை போடுவது அதைவிட நன்றாக இருந்தது. அங்கேதான் புதியவர்களுக்குச் சிக்கல். கதை பாதியில் நின்றுவிடும், முடிவு என்று ஒன்று வராது, அது வேண்டுமென்றே செய்தது என்று புரிவதற்குப் பத்துப் பதினைந்து எபிசோடு தேவை. ஸ்மைலிங் ஃப்ரெண்ட்ஸ் பிடித்துப்போனால் அடுத்தது இது, அதற்கு முன்னால் வேண்டாம்.

தொடரைவிட இதைச் சுற்றி நடந்த கூத்து பெரியது. 2007 ஜனவரி 31 அன்று இதன் சினிமாவுக்கு விளம்பரமாக பாஸ்டன் நகரத்துப் பாலங்களிலும் சுவர்களிலும் சின்ன விளக்குப் பலகைகளை மாட்டி வைத்திருந்தார்கள். தொடரில் வரும் நிலவுவாசி ஒருவன் நடுவிரலைக் காட்டிக்கொண்டு நிற்கிற படம். வெடிகுண்டு என்று நினைத்து போலீஸ் சாலைகளை மூட, ஊரே ஸ்தம்பித்தது. கடைசியில் கம்பெனி தரப்பு 20 லட்சம் டாலர் கொடுத்து சமரசம் செய்துகொண்டது, கார்ட்டூன் நெட்வொர்க்கின் தலைவர் பதவி விலகினார். தொடரிலேயே இப்படி ஒரு எபிசோடு எழுதியிருந்தால் மிகை என்றிருப்போம்.

தி மிட்நைட் காஸ்பலை நண்பர்கள் அடிக்கடி சொல்வார்கள். பெண்டில்டன் வார்டும் டங்கன் ட்ரஸ்ஸலும் சேர்ந்து செய்தது, 2020 ஏப்ரல் 20, நெட்ஃபிளிக்ஸ், மொத்தமே 8 எபிசோடு. ட்ரஸ்ஸல் தன் பாட்காஸ்டில் எடுத்த நிஜப் பேட்டிகளை அப்படியே ஒலியாக வைத்துக்கொண்டு மேலே சம்பந்தமே இல்லாத ஒரு அனிமேஷன் உலகத்தை ஓட விட்டிருக்கிறார்கள். போதை மருந்துகளைப் பற்றி நிதானமாக ஒரு டாக்டர் பேசிக்கொண்டிருப்பார், திரையில் அவர் அமெரிக்க அதிபர், வெள்ளை மாளிகையைச் சுற்றி ஸோம்பிகள். யோசனை பிரமாதம். ஆனால் சப்டைட்டிலை நம்பியிருக்கிற ஆளுக்கு இது நரகம், பேச்சைப் படித்தால் படம் போச்சு, படத்தைப் பார்த்தால் பேச்சு போச்சு, இரண்டும் ஒன்றுக்கொன்று துணைக்கு வராது. ஆங்கிலம் காதில் விழுந்ததும் புரிகிறவர்கள், தனியாக, நல்ல ஹெட்ஃபோனோடு பாருங்கள். கடைசி எபிசோடில் ட்ரஸ்ஸல் பேசுவது தன் அம்மாவோடு, அவர் 2013-லேயே காலமானவர். காமெடி என்ற பெயரில் இதைப் போட்டுவிட்டுக் கூட்டமாக உட்கார்ந்திருந்தால் யாரும் யார் முகத்தையும் பார்க்க முடியாது.

ஜப்பான் பக்கம் போக ஆசைப்படுகிறவர்கள் முதலில் பாப் டீம் எபிக் என்றுதான் கேள்விப்படுவார்கள். 2018-ல் வந்தது. பாதி எபிசோடு ஓடியதும் அதே பாதியை வேறு குரல்களில் திரும்பப் போடுவார்கள், அதுதான் விளையாட்டே. அந்தக் குரல் கலைஞர்கள் ஜப்பானில் யார், எப்பேர்ப்பட்டவர்கள் என்று தெரியாதவருக்கு ஒரே எபிசோடை இரண்டு தடவை பார்த்த எரிச்சல்தான் மிஞ்சும். தள்ளி வையுங்கள்.

வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தாலோ, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் சகஜமாக வந்து போகிற வீடாக இருந்தாலோ, மேலே சொன்ன எதையும் ஹாலில் போடாதீர்கள், ப்ரொஃபைலை ரகசிய எண் போட்டுப் பூட்டுங்கள். கார்ட்டூன் படம் தெரிந்தாலே அது தங்களுக்கு என்று பிள்ளைகள் நினைப்பது நியாயம்தானே. மீசீக்ஸ் பொம்மை மாதிரி இருக்கும், அந்த எபிசோடில் நடப்பது பொம்மை விளையாட்டு இல்லை.

ஊரிலிருந்து பெரியவர்கள் வந்து தங்கியிருக்கிறார்கள், அப்போதும் இந்த வகைதான் பார்ப்பேன் என்றால் இரண்டு வழி உண்டு. ஒன்று நம் பக்கத்தது. மும்பையில் இருக்கும் ஸ்டுடியோ ஈக்‌ஸாரஸ் தயாரித்து அதிதி கிருஷ்ணதாஸ் இயக்கிய "கண்டிட்டுண்டு" என்ற மலையாளக் குறும்படம், 2021-ஆம் ஆண்டுக்கான தேசிய விருதுகளில் சிறந்த அனிமேஷன் படமாகத் தேர்வானது. கேரளத்துப் பெரியவர் ஒருவர் தான் பார்த்த பேய் பிசாசுகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போகிறார், கோடுகள் அவர் சொல்லச் சொல்ல உருமாறிக்கொண்டே போகின்றன. சந்தேகத்துக்கே இடமில்லாத அந்தக் குரல்தான் விசேஷம். மலையாளம் தெரியாவிட்டாலும் பாதி நமக்குப் பிடிபட்டுவிடும், மீதிக்குப் பாட்டி ஊரில் கேட்ட கதைகள் உதவும்.

இன்னொன்று "எ டவுன் கால்ட் பேனிக்", பெல்ஜியத்து ஸ்டெஃபான் ஓபியேவும் வின்சென்ட் படாரும் எடுத்த 75 நிமிஷப் படம், 2009-ல் கான் விழாவில் திரையிடப்பட்டது. பிளாஸ்டிக் பொம்மைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி எடுத்தது; பொம்மைக் கடையில் காலுக்கடியில் ஒட்டிக்கொண்டு வரும் அந்தத் தட்டைகூட அப்படியே இருக்கும், அதோடுதான் தாவித் தாவி ஓடுவார்கள். குதிரை, கௌபாய், செவ்விந்தியன் மூவரும் ஒரே வீட்டில். குதிரைதான் பொறுப்பானவர், வண்டி ஓட்டுவார், பியானோ கற்றுக்கொள்ளப் பார்ப்பார், மற்ற இரண்டும் உதவாக்கரைகள். குதிரையின் பிறந்தநாளுக்கு அடுப்பு கட்டித் தர 50 செங்கல் ஆர்டர் செய்கிறார்கள், விரல் தவறிப்போய் 5 கோடி செங்கல் வந்து இறங்குகிறது. அதை ஒளித்துவைக்க வீட்டுக் கூரைமேல் அடுக்குகிறார்கள். அப்புறம் என்ன ஆகும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, அதற்கும் மேலே பனிப்பந்து எறியும் ராட்சதப் பென்குயின் இயந்திரம் ஒன்று வருகிறது. மொழி பிரெஞ்சு, ஆனால் எல்லாரும் கத்துகிற கத்தலில் சப்டைட்டில் இல்லாமலே பாதி புரியும். ஆபாசம் கிடையாது, ரத்தம் கிடையாது.

தர்மபுரிக்காரனின் அப்பா வந்திருந்தபோது போட்டது இதைத்தான். அவர் கட்டட வேலை எடுத்துச் செய்கிறவர், முப்பது வருஷ அனுபவம். முதல் பத்து நிமிஷம் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். லாரி லாரியாகச் செங்கல் வர ஆரம்பித்ததும் பேப்பரை மடித்து வைத்தார். பென்குயின் வந்தபோது அவர் அதைக் கவனிக்கவே இல்லை, மகனைத் திரும்பிப் பார்த்து, "தம்பி, லோடுக்கு மூவாயிரம்னு வச்சாக்கூட பதினாறாயிரம் லோடுக்கு மேல வருது, அட்வான்ஸே வாங்காம எவன் இறக்குவான்?" என்றார்.